யாருடைய நிலத்தில் வீடு கட்டுவது?



பரிசளிப்பு விழா மலரில் கணினியைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். "இது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கே சொல்லப்போவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். இடமும் பெயரும் மட்டுமே வேறு.

ஜெலாப்பாங்கிலும் ஈப்போவைச் சுற்றிலும் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வாசல் நினைவிருக்கும். முன்னால் ஒரு முருங்கை, பின்னால் கோழிக்கூடு, கோடியில் மாரியம்மன் கோயில். எல்லாம் நம்முடையது என்றே நினைத்திருந்தோம். ஒரு நாள் ஆள் வந்து, "தோட்டம் கைமாறிப் போச்சு, வீட்டைக் காலி பண்ணணும்" என்று சொன்னபோதுதான் உண்மை உறைத்தது. முருங்கையை நட்டது நாம். மண் மட்டும் நம்முடையதாக இருக்கவில்லை.

1957-இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான். அந்த வேளையில், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்குக்கு மாதம் 10 வெள்ளி கட்டுங்கள் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார். தொழிலாளர்களின் அந்தப் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிற்று. பின்னர் மேலும் பல தோட்டங்களை வாங்கிற்று. நிற்கும் மண் நமதாக இருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

கணினி உலகத்திலும் இதே கேள்வி எழுந்தது. பொதுமக்களுக்காக ஒரு மென்பொருளைக் கட்டுகிறோம். அதை யாருடைய நிலத்தின் மேல் கட்டுவது? இக்கேள்விக்குத் தமிழர்களும் பிறரும் பட்டுத் தெரிந்துகொண்ட விடைதான் இக்கட்டுரை.

மூலம் என்பது என்ன?

கணினி தானாக எதுவும் செய்யாது. என்ன செய்ய வேண்டும் என்று மனிதன் வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்கு மூலநிரல் என்று பெயர். கடையில் அதிரசம் வாங்கித் தின்னலாம். பாகுப் பதத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பெரும்பாலான கம்பெனிகளும் அப்படித்தான். மென்பொருளை விற்கும், மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பதத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து, "நீயும் செய், மாற்றிச் செய், நாலு பேருக்குக் கொடு" என்று விட்டால் அதுவே திறந்த மூல மென்பொருள்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணி செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவருக்கு ஓர் அச்சுப்பொறியால் தொல்லை. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். மூலநிரல் கைக்கு வந்தால், தாள் சிக்கியதும் எல்லாருக்கும் தகவல் போகும்படி செய்துவிடலாம் என்று கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட அனுபவங்கள்தாம் 1983-இல் அவரைக் குனு என்னும் திட்டத்தை அறிவிக்க வைத்தன. 1989-இல் பொது உரிமம் ஒன்றையும் எழுதினார். "இது எல்லாருக்கும் உரியது, மாற்றலாம், பகிரலாம், பகிரும்போது மூலத்தையும் கொடுக்க வேண்டும்" என்பது அதன் சாரம். 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி, மறு ஆண்டே அதை அந்தப் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இன்று நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள்ளே ஓடுவதும் அந்த லினக்ஸ்தான்.

தமிழுக்கு முதலில் வந்த சோதனை

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டை ஈப்போக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. அதன்பின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக் கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அதே 1985-இல்தான் நம் நாட்டைச் சேர்ந்த திரு. முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கணினித் திரையில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் மலேசியத் தமிழர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

ஆனால் அக்காலத்தில் ஒரு குழப்பம் இருந்தது. கணினி எழுத்தை அறியாது, எண்ணைத்தான் அறியும். 'அ'வுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. ஒன்றில் தட்டிய கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ கிறுக்கல்தான் தெரியும். எழுதியது தமிழன், எழுதியது தமிழ். படிக்க வேண்டுமானால் இன்னொருவர் எழுத்துரு வேண்டும்! சொந்த எழுத்திலேயே வாடகைக்குக் குடியிருந்த காலம் அது.

இதற்கு வழி காணப் பலரும் கூடினார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் மாநாடு நடந்தது. 1999-இல் சென்னையில் நடந்தது. 2001-இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் திஸ்கி என்னும் பொது எண்முறையை வகுத்தார்கள். பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் தரும் யூனிகோடு முறை நிலைத்தது. 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் கணினிகள் அதைத் திரையில் சரியாகக் காட்டத் தொடங்க மேலும் பத்தாண்டு ஆயிற்று.

பொது நிலத்தின் அருமையை அறிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் டாக்டர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் அது தொடங்கிற்று. திருக்குறள் முதலான தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். எண்முறை மாறிய போதெல்லாம் நூல்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. முதலில் தனி எழுத்துரு, அப்புறம் திஸ்கி, அப்புறம் யூனிகோடு. ஆனாலும் அவர்களால் மாற்ற முடிந்தது. ஏன்? மூலம் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்த உழைப்பு என்னவாகியிருக்கும்?

இரவல் மாட்டில் பூட்டிய கலப்பை

அடுத்து எ-கலப்பையின் கதை. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இம்மென்பொருளை முகுந்தராஜும் அவர் தொடங்கிய 'தமிழா!' குழுவினரும் உருவாக்கினார்கள். ஏர் பிடித்த இனம் கணினிக்கும் கலப்பை என்றே பெயர் வைத்ததைக் கவனியுங்கள்!

விசையைத் தட்டியதும் அதைத் தமிழ் எழுத்தாக மாற்ற உள்ளே ஓர் இயந்திரம் வேண்டும். அதற்கு அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது கீமேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின், லாவோஸ் நாட்டு மொழிக்காக 1993-இல் எழுதியது அது. நல்ல இயந்திரம், நம்பகமானது. அதன் மேல் பூட்டியதால்தான் எ-கலப்பை விரைவாக மக்களிடம் போய்ச் சேர்ந்தது. தமிழில் மின்னஞ்சலும் கட்டுரையும் எழுதப் பலர் கற்றுக்கொண்டது அதில்தான்.

ஆயினும் கீமேன் வேறொருவர் சொத்து. கலப்பை நம்முடையது, மாடு இரவல். உள்ளே ஒரு கோளாறு என்றால் திறந்து பார்க்க முடியாது. புதுக் கணினிகள் வரும்போது உடையவர் மாற்றித் தந்தால்தான் உண்டு. ஆகவே மூன்றாம் பதிப்பில் அக்குழுவினர் இரவல் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, சி பிளஸ் பிளஸ் மொழியில் கியூட்டி என்னும் திறந்த கருவிப்பெட்டியைக் கொண்டு புதிதாக எழுதிப் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். உழைப்பு இரட்டிப்புத்தான். ஆனால் அதன்பின் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2015-இல் கீமேன் எஸ்.ஐ.எல். என்னும் மொழி நிறுவனத்திடம் போய், 2018-இல் அதுவும் திறந்த மூல மென்பொருளாகிவிட்டது! நிலத்துக்காரரே வேலியைப் பிரித்துப் பொது நிலமாக்கிவிட்டார். ஆனால் அப்படி நடக்கும் என்று முன்கூட்டி யார் சொல்ல முடியும்? நல்ல மனத்தை நம்பலாம். அதையே பத்திரமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டாரும் பட்ட பாடு

மேலே சொன்ன கியூட்டிக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 1996-இல் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிச், லினக்ஸ் கணினிக்கு அழகான திரையும் பொத்தான்களும் அமைக்க கே.டி.இ. என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு நார்வே நாட்டு டிரோல்டெக் கம்பெனியின் கியூட்டியைத் தேர்ந்தெடுத்தார். வேலை சுலபமாயிற்று. ஆனால் அன்று கியூட்டி முழுச் சுதந்திரமான மென்பொருள் அல்ல. "கூரை நம்முடையது, தூண் கம்பெனியுடையதா?" என்று ஒரு சாரார் சண்டைக்கு வந்தார்கள். 1997-இல் மெக்சிகோவின் மிகேல் டி இக்காசாவும் நண்பர்களும் முற்றிலும் சுதந்திரமான கருவிகளைக் கொண்டு குனோம் என்னும் மாற்றுத் திட்டத்தையே தொடங்கிவிட்டார்கள்.

கே.டி.இ.காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1998-இல் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கம்பெனி கியூட்டியின் இலவசப் பதிப்பை வெளியிடுவதை நிறுத்தினால், அது தடையற்ற உரிமத்தில் பொதுவுக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2000-இல் கியூட்டி ஸ்டால்மனின் பொது உரிமத்தின் கீழேயே வந்தது. பிற்காலத்தில் கம்பெனி கைமாறிக் கைமாறிப் போனபோதும் அந்த ஒப்பந்தம் நின்றது. தோட்டத்தில் நம் முன்னோருக்கும் இப்படி ஒரு தாள் கையில் இருந்திருந்தால்!

இன்னொரு கதை இதைவிட உறைக்கும். லினக்ஸை உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று கணக்கு வைக்க வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் டோர்வால்ட்ஸ் அதற்குப் பிட்கீப்பர் என்னும் கம்பெனிக் கருவியைப் பயன்படுத்தினார். இலவசமாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் நிபந்தனையோடு. "வேண்டாம், இது பிறர் சொத்து" என்று எச்சரித்தவர்களை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2005-இல் ஒரு தகராறு வந்தது. கம்பெனி இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உலகத்தின் மிகப் பெரிய பொதுத் திட்டம் ஒரே நாளில் கணக்குப் புத்தகம் இல்லாமல் நின்றது!

டோர்வால்ட்ஸ் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. 2005 ஏப்ரல் 3-ஆம் நாள் தாமே ஒரு கருவி எழுத உட்கார்ந்தார். 7-ஆம் நாளுக்குள் அக்கருவி தன் மூலநிரலுக்குத் தானே கணக்கு வைக்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பெயர் கிட். சில மாதங்களில் அதை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். இன்று மென்பொருள் எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் கிட்டையே பயன்படுத்துகிறார்கள். அதன் சிறப்பு என்ன தெரியுமா? செக்ரோல் கிராணியாரின் ஆபீசில் மட்டும் இருப்பதில்லை. வேலை செய்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் தொடக்கம் முதலான முழுப் புத்தகமும் இருக்கிறது. ஆபீஸ் எரிந்துபோனாலும் கணக்கு அழியாது.

களஞ்சியம் எங்கே?

எழுதியதை எல்லாரும் எடுத்துக்கொள்ள ஒரு பொது இடமும் வேண்டுமல்லவா? 1999-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் அப்படி ஓர் இடம் கொடுத்தது. 2006-இல் கூகுள் கம்பெனி கூகுள் கோடு என்ற இடத்தைத் திறந்தது. "கூகுள் மாதிரி பெரிய இடம், எங்கே போகப்போகுது?" என்று எத்தனையோ பேர் குடியேறினார்கள். 2015-இல் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2016 சனவரியில் மூடியே விட்டார்கள். பலர் 2008-இல் பிறந்த கிட்ஹப்புக்குப் போனார்கள். அந்தக் கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி அமெரிக்க டாலர் விலைபேசி வாங்கிற்று.

ஆகவே பெரிய துரை என்பதற்காகத் தோட்டம் நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். நல்லவேளையாக, கிட் இருப்பதால் ஒவ்வொருவர் கையிலும் முழுப் பிரதி இருக்கிறது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுநாளே வேறிடம் போய்விடலாம். லயத்தை விட்டுக் கிளம்பியவர்கள் முருங்கையை எடுத்துப்போக முடியவில்லை. இவர்களால் மரத்தையும் வேரோடு எடுத்துப்போக முடிகிறது.

தமிழின் சொந்தக் கட்டுமானம்

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதலாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். கணினியைக் கேளுங்கள்; ஐந்து என்னும்! யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுவதால் வந்த வினை இது. தமிழுக்கு மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

முத்து அண்ணாமலை என்பவர் தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதும் எழில் என்ற மொழியை உருவாக்கினார். அவரும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் என்னும் பொதுத் தொகுப்பையும் படைத்தார்கள். மேலே சொன்ன எழுத்துக் கணக்கைச் சரியாகப் போட அது உதவும். ஒருவர் சரிசெய்து பொதுவில் வைத்துவிட்டால், மற்றவர் மீண்டும் மண்வெட்ட வேண்டியதில்லை. இவற்றுக்கு அடித்தளமாக அவர் தேர்ந்தெடுத்தது பைத்தான் என்னும் நிரல்மொழி. அதுவும் திறந்த மூலம். உலகில் பலர் அறிந்த மொழி. ஒரு கம்பெனி நினைத்தால் பூட்டிவிட முடியாதது.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நான்கு கேள்விகளை நாம் பொறுக்கி எடுக்கலாம்.

ஒன்று: நிலம் யாருடையது? இன்று இலவசம் என்பது வேறு, நமக்கு உரிமை உண்டு என்பது வேறு. பிட்கீப்பரும் இலவசமாகத்தான் வந்தது.

இரண்டு: வெளியேற வழி உண்டா? போகும்போது நம் உழைப்பு முழுவதையும் எடுத்துப்போக முடியுமா?

மூன்று: நம் மொழிக்கு இடம் தருகிறதா? தமிழைச் சரியாகக் காட்டாத அடித்தளம் எவ்வளவு உயர்ந்ததானாலும் நமக்கு உதவாது.

நான்கு: நமக்குப் பின் யார் பார்ப்பார்? ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கருவியில் கட்டினால் அவரோடு அது முடிந்துபோகும். பலர் அறிந்த கருவியில் கட்டினால் இன்னொருவர் வந்து தொடரலாம்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சொந்த நிலம் கிடைக்கும்வரை விதைக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் பட்டினிதான் மிஞ்சும். எ-கலப்பை முதலில் இரவல் மாட்டில் பூட்டியதால்தான் அன்றைக்கே உழ முடிந்தது. கே.டி.இ.யும் கம்பெனித் தூணில் சாய்ந்துதான் எழுந்தது. முத்து நெடுமாறன் அவர்களின் முரசு அஞ்சல் திறந்த மூலம் அன்று. ஆயினும் தமிழுக்கு அது ஆற்றிய தொண்டு பெரிது. வாடகை வீட்டில் குடியேறுவது தவறில்லை. அது வாடகை வீடு என்பதை மறப்பதுதான் தவறு. விதைநெல்லும் கணக்குப் புத்தகமும் எப்போதும் நம் கையில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால் "விளையாட்டு போதும்" என்று மட்டும் சொல்லாமல், "இது எப்படி ஓடுது, உள்ளே என்ன எழுதியிருக்கு, காட்டு பார்ப்போம்" என்று கேட்டுப்பாருங்கள். திறந்த மூலத்தில் அதைக் காட்ட முடியும். பைத்தான் கற்கவோ, கிட் கற்கவோ, எழில் கற்கவோ உரிமக் கட்டணம் ஒரு காசும் இல்லை. பழைய கணினியிலும் லினக்ஸ் ஓடும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் திறந்திருக்கும் கதவு இது.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி மாதம் 10 வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கிய தலைமுறை. நீங்கள் போட வேண்டியது பத்து வரி நிரல், ஒரு பிழைத்திருத்தம், ஒரு தமிழ்ச் சொல். அது உங்கள் பெயரோடு உலகத்தின் பொதுச் செக்ரோலில் ஏறும். எந்தத் துரையும் அதை அடித்துவிட முடியாது.

அடுத்த முறை லயத்துக் கதையைத் தாத்தா சொல்லும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். நாளை நீங்கள் ஒன்றைக் கட்டும்போது, எந்த மண்ணில் கட்டுவது என்பதை அக்கதையே உங்களுக்குச் சொல்லித் தரும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!